இன்சூரன்ஸ் இருக்கே, பின்ன எதுக்கு என் பேருக்கு சம்மன்?

ரப்பர் ஷீட்ட கொடியில போட்டுட்டு நிக்கேன், கேட்டு பக்கம் இருந்து ஒருத்தர் என் பேரையும் அப்பா பேரையும் சேத்து விளிக்காரு, பாத்தா கோர்ட் அமீனா. கையெழுத்து வாங்கிட்டு ஒரு கட்டு பேப்பர தந்துட்டு போயிட்டாரு. பிரிச்சா மேல எம்.சி.ஓ.பி.னு (மோட்டார் விபத்து நஷ்டஈடு மனு) ஒரு நம்பர், மனுதாரர் இடத்துல ஏழு மாசம் முன்ன வில்லுக்குறி பக்கம் மழையில என் கார்ல வந்து இடிச்ச பைக்காரர் (நான் தான் இடிச்சேன்னு அவரு சொல்லுவாரு), முதல் எதிர்மனுதாரர் நான், ரெண்டாம் எதிர்மனுதாரர் இன்சூரன்ஸ் கம்பெனி, கேக்குற தொகை 12 லட்சம். அம்மைக்கு அப்பவே வெப்ராளம் வந்துட்டு, தோட்டத்த விக்கணுமாலேன்னு ஒரே கேள்வி. எனக்கும் ஒண்ணும் ஓடல, ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துருக்கேன், வருஷா வருஷம் கட்டுகேன், பின்ன எதுக்கு எனக்கு சம்மன்னு.

அந்த ரெண்டு வருஷ அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டத எழுதுகேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இது மாதிரி பேப்பர் கையில வாங்கிட்டு முழிக்கிற ஆளுவ நிறைய உண்டு. நான் வக்கீல் இல்ல, உங்க கேஸுக்கு வக்கீல்ட்ட தான் கேக்கணும், ஆனா வக்கீல்ட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போறது நல்லது.

முதல்ல ஒண்ணு, சம்மன் வந்தா இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சுட்டுன்னு அர்த்தம் இல்ல. அடிபட்டவருக்கு நஷ்டஈடு குடுக்க வேண்டிய பொறுப்பு முதல்ல வண்டி ஓட்டுனவருக்கும் ஓனருக்கும் தான். பாலிசி எடுத்துருக்குறதால அந்த பாரத்த கம்பெனி சுமக்குது. நம்ம மேல பொறுப்பு இருக்குன்னு கோர்ட் சொன்னா தான் கம்பெனி கட்டணும், அதனால நம்மள சேக்காம கம்பெனி மேல மட்டும் கேஸ் போட்டா கேஸு நிக்காது. ஆக எல்லா விபத்து கேஸுலயும் ஓனர் பேரு இருக்கும், கோடீஸ்வரன் வண்டியா இருந்தாலும் சரி அரசு பஸ்ஸா இருந்தாலும் சரி. தேர்டு பார்ட்டி கவர்ல, அதாவது நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு உள்ள கவர்ல, உயிர்சேதம், காயம் இதுக்கு தொகை உச்சவரம்பே கிடையாது, அடுத்தவங்க சொத்துக்கு, அதாவது மதில், கடை ஷட்டர், அவரு வண்டி இதுக்கெல்லாம் காருன்னா 7.5 லட்சம் வரைக்கும். அதனால 12 லட்சம்னு பாத்து தோட்டத்த விக்க ஆள் தேடாண்டாம்.

பின்ன எங்க தான் ஆபத்து? கம்பெனி ஒரே கேஸுல ரெண்டு பக்கமும் நிக்கும், இது தான் விஷயம். பைக்காரர் மேல தான் தப்பு, காயம் அவ்வளவு பெருசு இல்ல, இவ்வளவு தொகை ஓவர், இப்படி வாதம் பண்ணும்போது கம்பெனி நம்ம பக்கம். ஆனா அதே எதிருரையில (கோர்ட்ல எழுதி போடுற பதில்ல) அடுத்த பாராவுல பாருங்க, ஓட்டுனவருக்கு லைசென்ஸ் இல்ல, பாலிசி நிபந்தனைய மீறிட்டாங்க, அதனால கட்ட வேண்டியது ஓனர் தான்னு எழுதியிருக்கும். என் கேஸுலயும் எழுதியிருந்தாங்க, என் லைசென்ஸ் நல்லாத்தான் இருந்துது, ஆனாலும் எழுதுவாங்க, அது ஒரு அச்சு மாதிரி. அந்த பாராவுக்கு பதில் சொல்ல நீங்க அங்க இல்லன்னா தான் சிக்கல். கோர்ட் என்ன செய்யும்னா, அடிபட்டவர அலைக்கழிக்காண்டாம்னு கம்பெனிய முதல்ல கட்ட சொல்லிட்டு, பின்ன அத ஓனர்ட்ட இருந்து வசூல் பண்ணிக்கன்னு சொல்லிரும். பே அண்ட் ரிக்கவர்னு சொல்லுவாங்க. அதுக்கு தனியா கேஸ் போடக்கூட வேண்டாம், அதே தீர்ப்ப வச்சு நிறைவேற்று மனு போட்டு நம்ம சொத்த ஜப்தி பண்ண வரலாம். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, கேஸ் முடிஞ்சுட்டுன்னு நினைச்சு மறந்தே போனப்பறம் வரும்.

சம்மன் வந்த அன்னைக்கே செய்ய வேண்டியது ரொம்ப எளிசு. கவரோட, தேதி ஸ்டாம்போட எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க, ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுங்க. ஒரு செட்ட ஒரு சின்ன லெட்டர் வச்சு, பாலிசி நம்பர், வண்டி நம்பர், விபத்து தேதி, வாய்தா தேதி எல்லாம் எழுதி கம்பெனி பிராஞ்சுக்கு ஸ்பீட் போஸ்ட்ல, போய் சேந்ததுக்கு சான்றோட அனுப்புங்க, ஈமெயிலும் போடுங்க. கம்பெனிக்கும் கோர்ட்டே நோட்டீஸ் அனுப்பும், அது உண்மை தான், ஆனாலும் பாலிசி பேப்பர்ல பொடி எழுத்துல ஒரு நிபந்தனை இருக்கும், சம்மன், நோட்டீஸ், லெட்டர் எது வந்தாலும் உடனே கம்பெனிக்கு அனுப்பணும்னு. ஏஜென்ட் அண்ணன்ட்ட வாட்ஸப்ல போட்டாச்சுன்னு விட்டுராதீங்க, நான் அப்படித்தான் முதல்ல செஞ்சேன், அவரு நல்ல மனுஷன், தம்ஸ் அப் போட்டாரு, அவ்வளவு தான்.

அடுத்து எந்த கோர்ட்டுன்னு பாருங்க. அடிபட்டவருக்கு மூணு வழி உண்டு, விபத்து நடந்த இடம், அவரு குடியிருக்குற இடம், நம்ம குடியிருக்குற இடம், இதுல எங்க வேணும்னாலும் போடலாம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறைன்னா பஸ் ஏறி போயிட்டு மத்தியானம் சோத்துக்கு வீடு வந்துரலாம். ஆனா களியக்காவிளையில ஒரு பாறசாலைக்காரர இடிச்சா அவரு கேரளா பக்கம் கேஸ் போடுவாரு, நீங்க திருவனந்தபுரம் பக்கம் அலையணும், அங்க ஒரு வக்கீல பிடிக்கணும். நம்ம மாவட்டத்துல இது சாதாரணம், டிஎன் 74, டிஎன் 75 வண்டி பாதி நேரம் கேரளாவுல தான ஓடுது. கேஸ் நம்பர வச்சு இ-கோர்ட்ஸ் ஆப்ல வாய்தா தேதி பாத்துக்கலாம், இது கொள்ளாம், ஒவ்வொரு தடவையும் வக்கீல் குமாஸ்தாவ விளிச்சு கேக்க வேண்டாம்.

ஆறு மாசம் கழிஞ்சாச்சு, இனி அவரால கேஸ் போட முடியாதுன்னு சிலபேர் ஆறுதல் சொல்லுவாங்க. விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2022 ஏப்ரல் 1-ல இருந்து விதி நடைமுறையில இருக்கு, சரி தான். ஆனா மனு போடுறது ஒரு நாள், அது நம்பர் ஆகி சம்மன் நம்ம வீட்டுக்கு வர்றது இன்னொரு நாள், எனக்கு ஏழாம் மாசம் தான் வந்துது. போதாததுக்கு அந்த ஆறு மாச விதிய எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் கேஸ் போயிருக்கு. அதுவும் இல்லாம இப்ப போலீஸே 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கை, 90 நாளுல விரிவான அறிக்கைன்னு தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும், அந்த விரிவான அறிக்கையவே நஷ்டஈடு மனுவா கோர்ட் எடுத்துக்கலாம். ஸ்டேஷன்ல இருந்து ஓனர் ஃபார்ம், டிரைவர் ஃபார்ம்னு குடுத்தா அத சும்மா கிறுக்கி குடுக்காதீங்க, லைசென்ஸ், பாலிசி விவரம் எல்லாம் சரியா எழுதி ஒரு காப்பி வச்சுக்கங்க, நாளைக்கு அதுவும் கேஸ் கட்டுல வந்து உக்காந்துருக்கும்.

இப்ப பெரிய கேள்வி, வக்கீல் வைக்கணுமா? கம்பெனிக்கு ஒரு வக்கீல் உண்டு, அவரு கம்பெனிக்கு வக்கீல், நமக்கு இல்ல. கோர்ட் வராண்டாவுல அவரு சிரிச்சு பேசுவாரு, நல்லா பேசுவாரு, ஆனா மேல சொன்ன அந்த பாராவ எழுதுனது அவரு தான். டீக்கடையில கேட்டா எல்லாரும் சொல்லுவான், ஓனர் போகவே வேண்டாம் மக்கா, எக்ஸ்பார்ட்டி ஆயிரும் (நம்ம வராமலே கேஸ் நடக்கும்), கம்பெனி கட்டிரும், முடிஞ்சு போச்சுன்னு. பொய் இல்ல, லைசென்ஸ் பாலிசி எல்லாம் சரியா இருக்குற கேஸுல பெரும்பாலும் அப்படித்தான் முடியுது. ஆனா நம்ம ஆஜர் ஆகலன்னா கம்பெனி என்ன செய்யும்னா, ஓனர் லைசென்ஸ கொண்டு வான்னு நோட்டீஸ் அனுப்புனோம், அவரு கொண்டு வரல, அப்ப லைசென்ஸே இல்லன்னு எடுத்துக்கங்கன்னு சொல்லும். கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. லைசென்ஸ் பர்ஸுல கிடக்கும்போதே லைசென்ஸ் இல்லாதவனா ஆகுற கூத்து இது. அதனால என் அபிப்பிராயம், வக்காலத்து போட்டு, ரெண்டு பக்கத்துல ஒரு எதிருரை போட்டு, லைசென்ஸ், ஆர்.சி, பாலிசி மூணையும் ரெக்கார்டுல ஏத்திரணும். ஃபீஸ முதல்லயே மொத்தமா பேசிருங்க, வாய்தாவுக்கு இவ்வளவுன்னு ஒத்துக்கிட்டா வருஷக்கணக்குல போகும். காசு கஷ்டம்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கோர்ட் வளாகத்துலயே இருக்கு, 15100-க்கும் விளிக்கலாம்.

ஏற்கனவே எக்ஸ்பார்ட்டி ஆயாச்சுன்னா? தீர்ப்பு வரலன்னா ஆஜராகி அத ரத்து பண்ண மனு போடலாம். தீர்ப்பே வந்துட்டுன்னா பொதுவா 30 நாள் கணக்கு, தாண்டிட்டா தாமதத்துக்கு காரணம் சொல்லி இன்னொரு மனு சேத்து போடணும். சம்மன் பக்கத்து வீட்டுல குடுத்தாங்க, நான் ஊர்ல இல்லன்னு சொல்றதுக்கு ஏதாவது சான்று வேணும்.

கத்தார்லயும் துபாய்லயும் இருக்குற அண்ணன்மாருக்கு ஒண்ணு சொல்லணும். ஆர்.சி உங்க பேருல, வண்டி ஓட்டுறது தம்பி இல்ல மச்சினன், இடிச்சது அவன், சம்மன் வர்றது உங்களுக்கு. எம்பசில சான்று வாங்கி வீட்டுல ஒருத்தருக்கு பவர் குடுத்தா கேஸ அவங்க நடத்தலாம். யாரு ஓட்டப்போறான்னாலும் லைசென்ஸ நேர்ல பாத்து ஒரு போட்டோ எடுத்து வைங்க, ஏன்னா 2004-ல சுப்ரீம் கோர்ட் ஸ்வரண் சிங் கேஸுல சொன்னது, டிரைவர்ட்ட லைசென்ஸ் இல்லங்குறது மட்டும் போதாது, ஓனர் அஜாக்கிரதையா இருந்தாருன்னு கம்பெனி நிரூபிக்கணும். லைசென்ஸ பாத்து, ஓட்டத் தெரியும்னு தெரிஞ்சு குடுத்த ஓனர் அங்க தப்பிக்க இடம் உண்டு. பாக்காமலே சாவிய தூக்கி குடுத்தவருக்கு இல்ல.

கம்பெனிக்கு வாகா அமையுற இடங்கள் இன்னும் சிலது உண்டு, நம்ம ஊர்ல அதிகமா மாட்டுறது இதுல தான். ஒண்ணு, ஓன் போர்டு வண்டிய, அதாவது சொந்த உபயோகத்துக்குன்னு பதிவான வண்டிய, வாடகைக்கு விடுறது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஒரு ட்ரிப், சபரிமலை சீசன்ல ரெண்டு ட்ரிப், வேளாங்கண்ணிக்கு ஒண்ணு, பெட்ரோல் காசு மட்டும் தான் வாங்குனேம்பாங்க. வண்டிக்குள்ள இருந்து அடிபட்டவரே போலீஸ்ல வாடகைக்கு பிடிச்சோம்னு சொல்லியிருப்பாரு, அது போதும் கம்பெனிக்கு. ரெண்டு, வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி எடுத்துட்டு ஓசியில ஏத்திட்டு போன ஆளுக்கு அடிபடுறது, சொந்த கார்ல உக்காந்து வர்ற ஆளு அந்த பாலிசியில கவர் ஆகமாட்டாரு, பேக்கேஜ் பாலிசின்னா (நம்ம ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றது) ஆவாரு. மாமா மைனி எல்லாரையும் ஏத்திட்டு கல்யாணத்துக்கு போற வண்டியில சில ஆயிரம் மிச்சம் பிடிக்க தேர்டு பார்ட்டி மட்டும் எடுக்கிறது எனக்கு புரியவே மாட்டேங்கு. மூணு, குடிச்சுட்டு ஓட்டுனது, இதுக்கு விளக்கமே வேண்டாம். நாலு, பாலிசிக்கு குடுத்த செக் திரும்புனது, இல்ல ரெண்டு நாள் லேட்டா புதுப்பிச்சது, அந்த ரெண்டு நாளுல இடிச்சா கவரே கிடையாது, முழுசும் நம்ம தலையில தான். புது காருன்னா 2018 செப்டம்பருக்கு அப்பறம் 3 வருஷம் தேர்டு பார்ட்டி சேந்தே வரும், ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கு உள்ள கவர்) பெரும்பாலும் ஒரு வருஷம் தான் இருக்கும், அத போட்டு குழப்பிக்கிட்டு மூணு வருஷம் கழிஞ்சதயே மறந்துருவாங்க.

வித்த வண்டி கதை தனி. மார்த்தாண்டத்துல ஒரு புரோக்கர்ட்ட வண்டிய குடுத்து காசு வாங்கியாச்சு, பேரு மாத்தல, ரெண்டு கை மாறி அது எங்கயோ ஓடுது, இடிச்சுட்டு. யாருக்கு சம்மன்? ஆர்.சி-ல பேரு இருக்குற உங்களுக்கு தான். 2018-ல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிட்டு, ஆர்.டி.ஓ ரெக்கார்டுல யாரு பேரு இருக்கோ அவரு தான் ஓனர், வித்தாச்சு காசு வாங்கியாச்சுன்னு சொன்னா செல்லாது. இப்படி சம்மன் வந்தா வித்த ரசீது, டெலிவரி நோட், அந்த தேதியில யாரு பாலிசி போட்டாங்கங்குற விவரம் எல்லாத்தையும் தோண்டி எடுங்க. வண்டிக்கு அன்னைக்கு பாலிசி உயிரோட இருந்துதுன்னா பெரிய கவலை இல்ல, இல்லன்னா தான் வினை.

தொகை எப்படி வருதுன்னு தெரிஞ்சா பயம் பாதி போவும். மனுவுல கேக்குறது அவரு ஆசை, கோர்ட் ஒரு கணக்கு வச்சு தான் போடும். உயிர்சேதம்னு வைங்க, 35 வயசு, மாசம் 15,000 சம்பாதிக்கிற கொத்தனார், வீட்டுல நாலு பேரு அவர நம்பி இருக்காங்க. வருஷத்துக்கு 1,80,000. சொந்த தொழில், 40 வயசுக்கு கீழ, அதனால எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேத்தா 2,52,000. சொந்த செலவுக்கு நாலுல ஒண்ணு கழிச்சா 1,89,000. அந்த வயசுக்கு பெருக்கு எண் 16. ஆக 30,24,000, அதுக்கு மேல இறுதிச்சடங்கு, துணைய இழந்ததுக்குன்னு சில தொகை சேரும், மனு போட்ட நாள்ல இருந்து வட்டி வேற, நம்ம பக்கம் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுறாங்க. இந்த முறைய 2009-லயும் 2017-லயும் சுப்ரீம் கோர்ட் வகுத்து குடுத்தது. காயம்னா ஆஸ்பத்திரி பில்லு, ஊனத்தோட சதவீதம், வேலைக்கு போகாத மாசம், வலி வேதனை இப்படி போகும். என் கேஸுல கால் எலும்பு முறிவு, ஆசாரிப்பள்ளத்துல அரசு ஆஸ்பத்திரி தான், 12 லட்சம் கேட்டது 4 லட்சத்து சில்லறையில நின்னுட்டு. அவரு ஹெல்மெட் போடாதது, சைடு ரோட்டுல இருந்து பாக்காம ஏறுனது இதெல்லாம் சொல்லி தப்புல ஒரு பங்கு அவரு மேலயும் போட்டாங்க, அந்த பங்குக்கு உள்ள தொகைய கழிச்சுட்டு தான் இந்த நாலு லட்சம். சம்பவ இடத்துல நான் எடுத்த நாலு போட்டோ தான் அதுக்கு உதவுனது, மழைக்குள்ள நின்னு எடுத்தேன், அப்ப எல்லாரும் ஏசுனாங்க, ஆளு கிடக்கான் இவன் படம் பிடிக்கான்னு. முதல்ல ஆள தூக்கி ஆட்டோல ஏத்திட்டு தான் எடுத்தேன்.

கிரிமினல் கேஸு வேற, இந்த கேஸு வேற, இத நிறைய பேரு போட்டு குழப்புவாங்க. அங்க வேகமா அஜாக்கிரதையா ஓட்டுனதுக்கு பி.என்.எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 281, காயத்துக்கு 125, உயிர் போனா 106. சின்ன காயம்னா குத்தத்த ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிரு, ஒரு நாளுல முடிஞ்சுரும்னு யோசனை சொல்லுவாங்க. கட்டலாம், ஆனா அந்த ஒத்துக்கிட்ட காகிதம் அப்படியே இந்த கேஸுல சான்றா வந்துரும், அதுக்கப்பறம் பைக்காரர் மேல தான் தப்புன்னு நீங்க சொல்லி நிக்கிறது கஷ்டம். இந்த கோர்ட்ல யாரு எதிருரை போட்டுருக்கா, என்ன போட்டுருக்கான்னு பாத்துட்டு வக்கீல்ட்ட கேட்டு முடிவெடுங்க. அங்க விடுதலை ஆனாலும் இங்க கேஸ் தானா போயிராது, அங்க சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், இங்க எது நடந்துருக்க வாய்ப்பு அதிகம்னு பாத்தா போதும்.

ஸ்டேஷன்ல வச்சு பேசி முடிக்கிறது பத்தி. நம்ம ஊர் வழக்கம், உள்ளூர் பெரிய ஆளு ரெண்டு பேரு வந்து 50,000 குடு, முடிச்சுக்கலாம்பாங்க. குடுத்த காச கம்பெனிட்ட கேக்க முடியாது, ஏன்னா கம்பெனி எழுத்துல சம்மதிக்காம தப்ப ஒத்துக்கவோ காசு குடுக்கவோ கூடாதுன்னு அதே பாலிசியில இருக்கு. குடுத்தப்பறமும் அவரு கேஸ் போட்டா தடுக்க முடியாது. ஆஸ்பத்திரி செலவுக்கு மனுஷத்தன்மையில உதவுறது வேற, அத நான் செய்யாண்டாம்னு சொல்ல மாட்டேன், நானும் குடுத்தேன், ஆனா தப்பு என்னுதுன்னு எழுதி கையெழுத்து போட்டு குடுக்காதீங்க. பேசி முடிக்க நல்ல இடம் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்), கம்பெனி ஆபீசர் அங்க உக்காந்து தொகை பேசுவாரு, கட்டுறதும் அவங்க தான்.

சாட்சி சொல்ல கூப்பிட்டா போங்க. என்ன அரை மணி நேரம் தான் கூண்டுல நிறுத்துனாங்க, லைசென்ஸ் ஒரிஜினல காட்டுனேன், கம்பெனி வக்கீல் நாலு கேள்வி கேட்டாரு, காப்பி மேல சான்று நம்பர் விழுந்துது, அந்த பாரா அங்கயே செத்துது. ரெண்டு வருஷ அலைச்சல்ல உருப்படியான அரை மணி நேரம் அது மட்டும் தான்.

தீர்ப்பு வந்தா கடைசி பக்கத்த முதல்ல படிங்க. 2-ம் எதிர்மனுதாரர் கட்டணும்னு மட்டும் இருக்கா, இல்ல கட்டிட்டு 1-ம் எதிர்மனுதாரர்ட்ட வசூலிச்சுக்கலாம்னு இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது மாதிரி இருந்தா 90 நாளுக்குள்ள ஹைகோர்ட் மதுரை கிளையில மேல்முறையீடு போடணும், அதுக்கு தீர்ப்பு தொகையில பாதி இல்ல 25,000, எது குறைவோ அத முதல்ல கட்டணும். முதல் மாதிரி இருந்தாலும் சர்ட்டிஃபைட் காப்பி ஒண்ணு வாங்கி அந்த வருஷ பாலிசியோட, போஸ்ட் ரசீதோட சேத்து பீரோவுல வைங்க, தொகை கூடிப்போச்சுன்னு கம்பெனியோ, காணாதுன்னு பைக்காரரோ மதுரைக்கு போனா நோட்டீஸ் மறுபடியும் நம்ம வீட்டுக்கும் வரும்.